குடத்துக்குள் யார் பேர் இருந்தது?

இன்னைக்கு எபிசோடு ஒரு வாட்ஸாப் போல்ல இருந்து ஆரம்பிக்குது.

அடையாறில் நாங்க இருக்கும் அபார்ட்மெண்டில், தண்ணி மோட்டார் போடும் நேரத்தை மாத்தலாமான்னு குரூப்பில் ஒரு போல் போட்டேன். கிட்டத்தட்ட எல்லாரும் 'ஓகே'. இவ்வளவு சுலபமா முடிஞ்சிடுச்சேன்னு எனக்கே பெருமை. நேரத்தை மாத்தின மறுநாள் காலையில், வாட்ச்மேன் அண்ணனோட மனைவி கீழ்க் குழாயடியில் காலிக் குடத்தோட நின்னுட்டிருந்தாங்க. "எங்கள யாரும் கேக்கலையே தம்பி"ன்னாங்க. அவங்க அந்த குரூப்பிலேயே இல்லை.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்'னு சொல்வோம். சாம்பிளிங்கோட அடிப்படை அதுதான். ஆனா கைக்கு எட்டுற மேல் சோற்றை மட்டும் எடுத்துப் பார்த்தா, அடியில் குழைஞ்சது தெரியாது. எடுக்கிற கைக்கு விருப்பு வெறுப்பு இருக்கக் கூடாது; பட்டியலில் உள்ள ஒவ்வொருத்தருக்கும் ஒரே அளவு வாய்ப்பு வேணும். இதுதான் ரேண்டம் சாம்பிளிங். பாடப்புத்தகத் தமிழில், சமவாய்ப்பு மாதிரி.

இந்த யோசனையை நம்ம ஊர்க் கல்லிலேயே பார்க்கலாம். காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கு. ஆண்டு 919, 921. ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறையின் விதிகள் அவை. படிச்சா, ஒரு செக்யூரிட்டி டாக்குமெண்ட் மாதிரியே இருக்கு.

ஊர் 30 குடும்புகளாப் பிரிஞ்சிருந்தது. குடும்புன்னா நம்ம வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவங்க பேரைத் தனித்தனி ஓலையில் எழுதி, ஒரு கட்டாக் கட்டுவாங்க. 30 கட்டும் ஒரு குடத்துக்குள் போகும். சபை முழுக்கக் கூடியிருக்க, வயதில் மூத்த நம்பி அந்தக் குடத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்குன்னு தெரியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதிலுள்ள ஓலைகளை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அவனே ஓர் ஓலையை எடுப்பான். அதை மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரிச்சு, உள்ளங்கையில் வாங்கணும். கைக்குள் ஒளிச்சு ஓலையை மாத்திடக் கூடாதில்லையா? அவர் வாசிச்ச பிறகு, அங்கிருக்கும் நம்பிகளும் அதையே வாசிக்கணும். இப்படி 30 பேர்: 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம்.

அவங்க ஊரோட கருத்தைக் கணிக்கலை, நிர்வாகிகளைத்தான் எடுத்தாங்க. ஆனா வழிமுறை நாம பேசுறதுதான். குடும்புக்கு ஒருத்தர்னு பிரிச்சு எடுக்கிறதுக்கு இன்னைக்கு ஸ்ட்ராட்டிஃபைடு சாம்பிளிங்னு பேர். எந்தப் பகுதியும் விட்டுப் போகாது.

இப்போ குடத்துக்குள் எட்டிப் பார்ப்போம். ஓலையில் பேர் எழுதணும்னா வயது 35க்கு மேல், 70க்குள். பொதுவா, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம். சொந்த மனையில் வீடு. வேதக் கல்வி. கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. இது நல்ல விதி. ஆனா இது பிராமணர்களின் சபை. பெண்கள் பேர் இல்லை. அந்த நிலத்தில் உழைச்சவங்க பேரும் இல்லை. குலுக்கலில் துளி மோசடி இல்லாம இருந்திருக்கலாம். ஓலையே இல்லாதவங்களுக்கு அதனால என்ன பயன்?

இந்தப் பட்டியலைத்தான் புள்ளியியலில் சாம்பிளிங் ஃபிரேம்னு சொல்றாங்க. அதில் ஓட்டை இருந்தா, ஆள் எண்ணிக்கையைக் கூட்டினாலும் அடைபடாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை சுமார் 1 கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கியது. லேண்டன் ஜெயிப்பார்னு சொன்னாங்க. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐப் பிடிச்சார். முகவரி எடுத்ததில் பெரும்பங்கு, போனும் காரும் வெச்சிருந்தவங்க பட்டியல். பதில் போட்டவங்களும் ஒரு பக்கம் சாய்ந்தவங்க.

இந்தியாவில் மகலனோபிஸ் முயற்சியில் 1950-ல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. அதில் எனக்குப் பிடிச்ச வேலை, கேள்வி கேட்கிறதுக்கு முன்னாடி நடக்குறது. தேர்வான ஊரிலோ நகர பிளாக்கிலோ களப்பணியாளர் முதலில் தெருத்தெருவா நடந்து வீடுகளைப் பட்டியல் எடுப்பார். அதுக்குப் பிறகுதான் அதிலிருந்து சில வீடுகளைத் தேர்ந்தெடுப்பாங்க. அலுப்பான வேலை, ஆனா மொத்த நேர்மையும் அங்கேதான் இருக்கு.

அந்த வேலையைத்தான் நான் செய்யலை. அடுத்த ஞாயிறு ஒரு நோட்டோட கீழே இறங்கினேன். கீழ்க் குழாயில் தண்ணி பிடிக்கிறவங்க யார் யார்னு எழுதினேன். எங்க பில்டிங் சின்னது, சாம்பிளே தேவையில்லை, எல்லாரையும் கேட்டுடலாம். மோட்டார் பழைய நேரத்துக்கே திரும்பிடுச்சு.

அடுத்த தடவை யாராவது "சர்வே சொல்லுது"ன்னா, எத்தனை பேரைக் கேட்டாங்கன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, எந்தப் பட்டியலிலிருந்து எடுத்தாங்கன்னு கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.