எச்சிலும் மொழியும்: சில பிரெஞ்சுத் தொடர்களின் வரலாறு

ஒரு சமூகம் எதனை அருவருத்தது, எப்பொழுதிலிருந்து அருவருக்கத் தொடங்கியது என்பதற்கு அதன் மரபுத்தொடர்கள் நல்ல சாட்சி. துப்புதலைப் பற்றிய பிரெஞ்சுத் தொடர்களை ஆங்கிலத் தொடர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

துப்புதலுக்குப் பிரெஞ்சு வினைச்சொல் 'கிராஷே'. தொண்டையைக் காறும் ஓசையிலிருந்து பிறந்த சொல் அது. பிள்ளை தகப்பனைப் போலவே இருந்தால் 'ஸ்பிட்டிங் இமேஜ்' என்பர் ஆங்கிலேயர். பிரெஞ்சுக்காரரோ, தகப்பனை அப்படியே துப்பிவைத்தது போல என்பர். இந்த வழக்கு 15ஆம் நூற்றாண்டின் 'பத்தலன்' என்ற கேலி நாடகத்திலேயே உண்டு. நாம் 'உரித்து வைத்தது போல' என்கிறோம்.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்பவனை, ஆங்கிலத்தில் சோறிட்ட கையைக் கடிப்பவன் என்பர். பிரெஞ்சில் அவன் சூப்பில் துப்புபவன். ஒளித்த உண்மையைக் கக்கச் சொல்வதற்கு 'துண்டைத் துப்பு' என்பார்கள். பிறரைப் பேசவிடாமல் தானே பேசிக்கொண்டிருப்பவன் 'படிக்கத்தைப் பிடித்திருப்பவன்'. மழை இலேசாகத் தூறினால் வானம் துப்புகிறது என்பது ஆங்கில வழக்கு. பிரெஞ்சிலும் நுண்ணிய தூறலுக்கு 'கிராஷே' வழிவந்த 'கிராஷன்' என்ற சொல்லே வழங்குகிறது. மல்லாந்து துப்பினால் மார்பில் விழும் என்னும் நமது பழமொழிக்கும் அங்கே இணை உண்டு. அவர்களுக்கு அது மூக்கில் விழும்.

இத்தொடர்களில் பல, துப்புதல் இயல்பாக இருந்த காலத்தின் மிச்சங்கள். 1530இல் சிறுவர்க்கு ஒழுக்க நூல் எழுதிய எராஸ்மஸ் துப்புவதைத் தடுக்கவில்லை. முகத்தைத் திருப்பித் துப்பு, தரையில் விழுந்ததைக் காலால் தேய்த்துவிடு என்றே கற்பித்தார். எச்சிலை ஆபத்தாக்கியது காசநோய். பிரெஞ்சு இராணுவ மருத்துவர் வில்மன் அது தொற்றக்கூடியது என 1865இல் பரிசோதனை மூலம் காட்டினார். 1882இல் ஜேர்மனியின் கொக் அதன் கிருமியை அடையாளங்கண்டார். அதன் பின்னரே 'துப்பத் தடை' என்ற அறிவிப்புகள் பொது இடங்களில் பெருகின.

எச்சிலின் வரலாறு மொழியின் வரலாற்றோடு கலப்பது இங்கேதான். பிரான்சின் மேற்குக் கோடியிலுள்ள பிரெத்தாஞ் பிரதேசத்தின் தாய்மொழி பிரெத்தோன். 'தரையில் துப்புவதும் பிரெத்தோன் பேசுவதும் தடை' என்று அங்குள்ள பாடசாலைகளில் பலகை தொங்கியதாகத் தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. அப்படியொரு பலகை உண்மையில் இருந்ததா என்பதைப் பல ஆய்வாளர்கள் ஐயுறுகிறார்கள். ஆனால் அதற்குப் பின்னாலிருந்த நடைமுறையில் ஐயமில்லை. பிரெத்தோன் பேசிப் பிடிபட்ட பிள்ளையின் கழுத்தில் மரச் செருப்பு அல்லது அதுபோன்ற ஒரு பொருளை மாட்டுவார்கள். அடுத்துப் பேசும் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால் அவனிடம் அது போய்ச் சேரும். மாலையில் அதனை வைத்திருப்பவனுக்குத் தண்டனை. நாட்டின் மொழி ஒற்றுமைக்காகப் பிரெத்தோன் மறைய வேண்டும் என்று 1925இல் கல்வி அமைச்சர் அனத்தோல் து மொன்சியே கூறினார்.

1951இல்தான் பிரதேச மொழிகளை விருப்பப் பாடமாகக் கற்பிக்கச் சட்டம் இடமளித்தது. 1977இல் மக்கள் தாமே 'திவான்' என்ற பிரெத்தோன் பாடசாலைகளைத் தொடங்கினர். 2008இல் பிரதேச மொழிகள் நாட்டின் மரபுச் செல்வம் என அரசியலமைப்பில் எழுதப்பட்டது. அதற்குள் பல வீடுகளில் தாய்மார் தம் மொழியைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டிருந்தனர்.

காசநோய்க்கு மருந்து கிடைத்தது; படிக்கங்கள் அருங்காட்சியகத்துக்குப் போயின. அந்தப் பலகை தொங்கியதோ இல்லையோ, தமது மொழி எச்சிலுக்குச் சமமாக எண்ணப்பட்டது என்று ஒரு மக்கள் கூட்டம் நம்புவதற்குப் போதிய காரணம் இருந்தது. சட்டத்தால் பலகையைக் கழற்றலாம். பிள்ளையின் மனதில் ஏற்றிய வெட்கத்தைக் கழற்றுவது அவ்வளவு எளிதன்று.