பைலட் 'சைடு வேலை' பார்க்கலாமா? லட்சத்தில் சம்பளம் வாங்குபவருக்கு அது எதற்கு?

களியக்காவிளையைத் தாண்டி பாறசாலைக்குள் நுழைந்தால், 'சைடு வேலை' என்பது யாருக்கும் புதுசு இல்லை. விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு, குளித்து, திருவனந்தபுரத்துக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் இந்த எல்லைக் கிராமங்களில் உண்டு. நெய்யாற்றின்கரை தாலுகாவில் பலராமபுரம் பக்கம் போனால் வீட்டில் ஒரு தறி, வெளியே ஒரு வேலை. இதை யாரும் 'மூன்லைட்டிங்' என்று சொல்வதில்லை. பிழைப்பு, அவ்வளவுதான்.

இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் திருவனந்தபுரம் விமான நிலையம். அதே ஆள் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து இன்னொரு வேலையை முடித்துவிட்டு, உங்களையும் 180 பேரையும் ஏற்றிக்கொண்டு வளைகுடாவுக்கு விமானம் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்களுக்கு லேசாக வயிற்றைக் கலக்கும். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், பணத்துக்கு என்ன குறை?

கேப்டன் ஆனவர்களின் சம்பளத்தை வைத்து எல்லா பைலட்டுகளையும் கணக்குப் போடுகிறோம். தொடக்கம் அப்படி இல்லை. வணிக விமானி உரிமம் வாங்க இந்தியாவில் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கே பல குடும்பங்கள் 50 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழிக்கின்றன. பிறகு, எந்த ரக விமானத்தை ஓட்டப் போகிறோமோ அதற்கான 'டைப் ரேட்டிங்' பயிற்சிக்குத் தனிச் செலவு. வீட்டுப் பத்திரத்தை வைத்து லோன் வாங்கியவர் வேலையில் சேரும் முதல் நாளே கடனாளிதான்.

சம்பளத்தில் ஒரு பெரிய பகுதி பறக்கும் மணி நேரத்தைப் பொறுத்தது. விமானம் நின்றால் வருமானமும் குறையும். 2019 ஏப்ரல் 17-ல் ஜெட் ஏர்வேஸ் நின்றுபோனது. அதற்கு முன்பே பைலட்டுகளுக்குச் சம்பளப் பாக்கி இருந்தது. 2020 மார்ச் 25 முதல் மே 25 வரை உள்நாட்டு விமானங்களே இல்லை. 2022 செப்டம்பரில் ஸ்பைஸ்ஜெட் சுமார் 80 பைலட்டுகளை மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பியது. இஎம்ஐக்கு அந்த விடுப்பெல்லாம் கிடையாது.

சரி, வேறு கம்பெனிக்கு மாறிவிடலாமே என்று கேட்பீர்கள். ஐடியில் மூன்று மாத நோட்டீஸுக்கே நாம் புலம்புகிறோம். 2017-ல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, கொண்டுவந்த விதிப்படி கேப்டனுக்கு ஒரு வருடம், துணை விமானிக்கு ஆறு மாதம் நோட்டீஸ்.

ஹட்சன் ஹீரோக்களுக்கும் இரண்டாவது வேலை

2009 ஜனவரி 15-ல் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய கேப்டன் செஸ்லி சல்லன்பெர்கரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் அவர் சொன்னது அவ்வளவாகப் பேசப்படவில்லை. தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டது, பென்ஷன் போய்விட்டது என்றார். அவர் பக்கவாட்டில் ஒரு பாதுகாப்பு ஆலோசனை நிறுவனம் நடத்திவந்தார். அவருடைய துணை விமானி ஜெஃப் ஸ்கைல்ஸ் இன்னும் வெளிப்படையாகப் பேசினார்: நடுத்தர வர்க்க வாழ்க்கையைத் தக்கவைக்க ஆறு வருடமாக இரண்டு வேலைக்கு நடுவே வாரத்தில் ஏழு நாளும் உழைக்கிறேன் என்றார்.

அதே பிப்ரவரியில்தான் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் 25,000 டாலருக்கும் கீழே. ஒரு காலத்தில் காபி கடையிலும் வேலை பார்த்தவர். வேலைக்கு வருவதற்கே நாட்டின் மறுகோடியில் இருந்து இரவெல்லாம் பயணம் செய்திருந்தார். விபத்துக்கு முதன்மைக் காரணம் கேப்டனின் தவறான எதிர்வினை என்றது விசாரணை. ஆனால் களைப்பும் குறைந்த சம்பளமும் அங்கே பெரிய விவாதமாகி, அமெரிக்காவின் ஓய்வு விதிகளே மாறின.

மலேசியக் கதை வேறு ரகம். 2020-ல் கொரோனாவில் வேலை இழந்த கேப்டன் அஸ்ரின், வெள்ளை யூனிஃபார்மையும் தொப்பியையும் போட்டுக்கொண்டே கோலாலம்பூர் பக்கத்தில் நூடுல்ஸ் கடை போட்டார். 'கேப்டன் கார்னர்' என்று பெயர் வைத்தார், வைரலானார். அது வேலை போனபின் செய்த தொழில். யாருடைய உயிருக்கும் அதில் ஆபத்தில்லை.

நம்மூரில் தலைகீழ் உதாரணம் ஒன்று உண்டு. 2021 ஜூலையில் டெல்லியில் நாடாளுமன்றக் குழுக் கூட்டம் முடிந்து சென்னைக்கு இண்டிகோ விமானம் ஏறிய தயாநிதி மாறனிடம், மாஸ்க் போட்ட பைலட் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். குரல் தெரிந்த குரலாக இருக்கிறதே என்று பார்த்தால், சற்றுமுன் அதே கூட்டத்தில் இருந்த பாஜக எம்.பி. ராஜீவ் பிரதாப் ரூடி! எம்.பி. வேலைக்கு இடையில் விமானம் ஓட்டுகிறவர். மாறன் இதை வியந்து எழுதினார். ரசிக்கத்தக்க சம்பவம்தான். ஆனால் சாதாரண பைலட் ஒருவர் கூட்டம் முடித்து நேராக காக்பிட்டுக்குப் போனால் இதே வியப்பு வருமா?

பைலட்டின் ஓய்வு யாருடைய நேரம்?

பிரச்சினையின் மையம் இதுதான். சனிக்கிழமை நீங்கள் ஃப்ரீலான்ஸ் செய்து திங்கட்கிழமை மீட்டிங்கில் கொட்டாவி விட்டால், மேனேஜர் முறைப்பார். பைலட் விஷயத்தில் ஓய்வு என்பதே பாதுகாப்புக் கருவிகளில் ஒன்று. அதனால்தான் அதை மணிக்கணக்கில் விதியாக எழுதியிருக்கிறார்கள். ஒரு வருடத்தில் பறப்பது 1,000 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 2024-ல் திருத்தப்பட்ட விதிகள் வார ஓய்வை 36-ல் இருந்து 48 மணி நேரமாக்கின. இரவுத் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தன. இவை 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இரண்டு கட்டமாக அமலாயின. இதற்கு ஏற்ப பைலட்டுகளைத் தயார் செய்யாத இண்டிகோ, டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது அந்த நிறுவனத்துக்கு இரவு விதிகளில் தற்காலிகத் தளர்வு கொடுக்கப்பட்டது. பைலட் சைடு வேலை பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்தால் தப்பு. ரோஸ்டர் போடுகிறவர் கெடுத்தால் 'தளர்வு'. இந்த வேறுபாடு எனக்கு உறுத்துகிறது.

தூக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் பக்கத்திலேயே ரத்த சாட்சி இருக்கிறது. 2010 மே 22-ல் துபாயிலிருந்து மங்களூரு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். பலர் காசர்கோட்டுக்காரர்கள். காக்பிட் ஒலிப்பதிவில் கேப்டனின் குறட்டை பதிவாகியிருந்தது. நீண்ட தூக்கத்திலிருந்து எழுந்த மந்தம் அவர் முடிவெடுப்பதைப் பாதித்தது என்றது விசாரணை. அவர் எந்தச் சைடு வேலையும் பார்த்துவிட்டு வந்தவர் என்று சொல்ல வரவில்லை. காரணம் எதுவானாலும் தூக்கக் கடன் ஒன்றுதான்.

ஆகவே பங்குச்சந்தை முதலீடு, வாடகை வருமானம், லீவில் யூடியூப் வீடியோ ஒரு பக்கம். பணிக்கு முந்தைய இரவைத் தின்னும் வேலை இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

பைலட் இல்லாத உங்களுக்கு?

உங்களைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான். ஒரு முதலாளியிடம் வேலை ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போது, அவர் சம்மதமோ ஒப்பந்தத்தில் இடமோ இல்லாமல் இன்னொருவரிடம் வேலை பார்க்க முடியாது என்பது பொது விதி என்று பழைய பீடி ஆலை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 2022-ல் விப்ரோ 300 பேரை வெளியேற்றியது இந்த அடிப்படையில்தான். அப்போது மத்திய இணையமைச்சராக இருந்த ராஜீவ் சந்திரசேகர், ஊழியர்களைக் கட்டிப்போடும் காலம் முடிந்தது, ஆனால் ஒப்பந்தத்தை மீறாதீர்கள் என்றார். பாறசாலை, நெய்யாற்றின்கரை இரண்டும் அடங்கிய திருவனந்தபுரம் தொகுதியில் 2024-ல் போட்டியிட்டுத் தோற்றவர் இவர்தான்.

எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: அந்தப் பக்கம் வேலை, இந்தப் பக்கம் சைடு வேலை என்றால் யாருக்குத் தெரியும்? 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை கேரளாவுக்கும் போனதோடு திருவிதாங்கூர் இரண்டாகிவிட்டது. ஆனால் உங்கள் பான் எண்ணும் பிஎஃப் எண்ணும் ஒன்றுதான். ஒரே மாதத்தில் இரண்டு கம்பெனி பிஎஃப் கட்டினால் பாஸ்புக்கிலேயே தெரியும். ஃப்ரீலான்ஸ் பணத்தில் டிடிஎஸ் பிடித்தால் வரித்துறைக் கணக்கில் ஏறும். அரசு ஊழியர் என்றால் எல்லையின் எந்தப் பக்கமானாலும் நடத்தை விதிகள்படி முன் அனுமதி வேண்டும். பள்ளி ஆசிரியர் தனி டியூஷன் எடுப்பதை 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு நேரடியாகவே தடை செய்கிறது.

அனுமதி கேட்பதென்றால் வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். என்ன வேலை, வாரத்தில் எத்தனை மணி நேரம், உங்கள் கம்பெனிக்குப் போட்டியாளரா இல்லையா, ஆபீஸ் லேப்டாப்பைத் தொடுவீர்களா மாட்டீர்களா என்று நாலு வரி மெயிலில் எழுதி, வரும் பதிலை சொந்த மெயிலிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் மாறும்போது பழைய மேனேஜர் தலையாட்டியது யாருக்கும் நினைவிருக்காது.