கதவெண்ணும் கணினி எண்ணும்

சிங்கப்பூரின் மேற்கே உள்ள பூன் லே, சியூ பூன் லே (1852–1933) என்னும் சீன வணிகரின் பெயரைத் தாங்கிய வட்டாரமாகும். இன்று அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகள் நிற்கின்றன. 1995 செப்டம்பரில் நகரம் முழுமைக்கும் ஆறிலக்க அஞ்சல் குறியீடு வந்தது. 1979 முதல் வழங்கிய நான்கிலக்கக் குறியீடு ஒரு பகுதியையே சுட்டியது. புதியதோ கட்டடம் ஒவ்வொன்றையும் தனித்துச் சுட்டியது. பூன் லே அடுக்குமாடிகள் பலவற்றின் குறியீடு 64 எனத் தொடங்கிக் கட்டட எண்ணில் முடியும்.

நகரம் இவ்வாறு கட்டடந்தோறும் தனியெண் வழங்கிய அதே காலத்தில், இணையம் நேர்மாறான வழியில் சென்றது.

1981இல் வகுக்கப்பட்ட இணைய நெறிமுறை, கணினி முகவரிக்கு 32 இருமக் குறிகளை ஒதுக்கியது. அமையக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி. ஆய்வுக்கூடங்களும் பல்கலைக்கழகங்களுமே பயன்படுத்திய அந்நாளில் அது கடலாகத் தோன்றியதில் வியப்பில்லை. 1990களில் வணிகரும் இல்லத்தாரும் இணையத்துள் நுழையவே, கடல் குளமாயிற்று. 1994 மே மாதத்தில் எகவாங், பிரான்சிஸ் என்னும் இருவர் முகவரி மாற்ற முறையொன்றை முன்மொழிந்தனர். அதனைக் குறுங்காலத் தீர்வு என்றே அவர்கள் கூறினர். 1996 பிப்ரவரியில், 192.168 எனத் தொடங்குவன உள்ளிட்ட சில முகவரித் தொகுதிகளை எவரும் தத்தம் எல்லைக்குள் ஆளலாம் என்று விதிக்கப்பட்டது.

ஆகவே 192.168.1.5 என்னும் கணினி பூன் லேயிலும் உண்டு. மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் உண்டு. அது வீட்டுப் பெயர் போன்றது. வீட்டில் 'தம்பி' என்றால் ஒருவன் திரும்புவான். தேக்கா சந்தையில் அவ்வாறு அழைத்தால் பலர் திரும்புவர்!

மக்கள் ரவுட்டர் என வழங்கும் திசைவி, வெளிச்செல்லும் பொட்டலத்தின் மீதுள்ள வீட்டு முகவரியை நீக்கிப் பொது முகவரியை எழுதுகிறது; அனுப்பிய கணினி எதுவென்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. மறுமொழி வரும்போது அக்குறிப்பைக் கண்டு உரிய கணினியிடம் சேர்க்கிறது. ஆனால், கேளாமல் வரும் பொட்டலத்திற்கு அட்டவணையில் குறிப்பேது? அது வாயிலிலேயே நின்றுவிடும். வீட்டுக் கணினி பிறரை அழைக்கலாம். பிறரால் அழைக்கப்பட இயலாது.

இவ்விழப்பு சிறிதன்று. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பொன்று நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியது. அதில் தமிழ் இடம்பெற உழைத்தவர் நா. கோவிந்தசாமி (1946–1999). அத்தகைய பக்கம், எங்கிருந்தும் அழைக்கத்தக்க பொது முகவரியில் இருந்தாக வேண்டும். ஒருவர் தம் இல்லக் கணினியில் அரிய தமிழ் ஏடுகளைத் தொகுத்து வைத்திருப்பினும், திசைவிக்குத் தனிக்கட்டளை இட்டு வழி திறந்தாலன்றி வெளியார் அவற்றை எட்டார். பெரும்பாலோர் தம் எழுத்தைப் பெருநிறுவனங்களின் கணினிகளிலேயே ஒப்படைத்துவிட்டனர். வேறு காரணங்களும் உள; எனினும் முகவரிப் பஞ்சத்தின் பங்கு போதிய அளவு பேசப்படவில்லை.

வீட்டினுள்ளும் சிக்கல் உண்டு. தொலைவிலுள்ள அறைக்கென இரண்டாம் திசைவி ஒன்றை வைத்து, அதன்பின் உள்ளவற்றுக்கு 192.168.2 எனத் தொடங்கும் முகவரிகளைத் தந்ததாகக் கொள்வோம். கூடத்துக் கணினிக்கு அவ்வறை அயல்நாடாகிவிடும். முதல் திசைவி அம்முகவரியை அறியாமையால் பொட்டலத்தை வெளியுலகை நோக்கி அனுப்பும். அங்கோ அதற்கு இடமில்லை. '192.168.2க்குரியவற்றை இரண்டாம் திசைவியிடம் கொடு' என்னும் வழிக்குறிப்பை முதல் திசைவியில் எழுத வேண்டும். இரண்டாவதில் முகவரி மாற்றத்தை நிறுத்தி, கூடத்திலிருந்து வருவதை உள்ளே விடுமாறும் பணிக்க வேண்டும். வீட்டில் வழியமைத்தல் என்பது பெரும்பாலும் இவ்வளவே.

குறுங்காலத் தீர்வு நெடுங்காலம் நிலைத்தது. ஆசிய பசிபிக் வட்டாரத்தின் பழைய முகவரிகள் 2011 ஏப்ரலில் கடைசித் தொகுதியை எட்டின. 128 இருமக் குறிகள் கொண்ட புதிய முகவரி முறையோ 1995 டிசம்பரிலேயே வெளியிடப்பட்டிருந்தது. அதில் ஒரு வீட்டின் கணினிகள் அனைத்துக்கும் பொது முகவரி கிடைக்கும். இரண்டாம் திசைவிக்குரிய வழிக்குறிப்பை மட்டும் அப்போதும் யாரேனும் எழுதியாக வேண்டும். அல்லது திசைவிகளே தமக்குள் பேசி அறிந்துகொள்ள வேண்டும்.