குற்றம் ஆளிலா, முறையிலா?

மாத்தளை மலைத் தோட்டங்களிலே கொழுந்து நிறுக்கும் தராசடிக்குத் தனியே ஒரு வரலாறு உண்டு. எழுதுவாரற்ற வரலாறு அது. கூடையைக் கவிழ்த்ததும் முற்றிய இலை கண்ணிற் பட்டால், கணக்கப்பிள்ளையின் கடுஞ்சொல் அதைக் கிள்ளிய பெண்ணின்மேலேதான் முதலில் விழும். இறாத்தலைக் குறைத்தெழுதுவது அதன்பின் நடப்பது. ஆனால், ஏழெட்டு நாளைக்கு ஒருமுறை கொழுந்தெடுக்க வேண்டிய மலையிலே, ஆள் பற்றாமலோ திட்டம் பிசகியோ பன்னிரண்டாம் நாள் அவளை இறக்கிவிட்டால், இளந்தளிர் முற்றாமல் அவளுக்காகக் காத்து நிற்குமா? எந்த மலையை எந்த நாளில் எடுப்பதென்று தீர்மானித்தவள் அவளல்லளே!

குற்றம் ஆளிலா, முறையிலா என்ற இந்த வினாதான், இன்று 'முழுத்தர முகாமைத்துவம்' என்ற பெரும் பெயரோடு போதிக்கப்படும் கலைக்கு வித்து. அதன் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று.

அமெரிக்காவிலே பெல் தொலைபேசி நிறுவனத்தாரின் ஆலைப் பணியிலிருந்த வால்டர் ஷூவார்ட் என்பார், 1924ஆம் ஆண்டில் ஒரு பக்கக் குறிப்பொன்றிலே ஒரு வரைபடம் வரைந்து காட்டினார். எப்பொருளை எத்தனை கவனமாகச் செய்தாலும் ஒன்றுக்கொன்று சிறிது ஏற்றத்தாழ்வு இருக்கவே செய்யும். அவற்றுட் சில, செய்முறைக்குள்ளேயே உறைந்திருப்பவை. வேறு சில, ஓர் இயந்திரம் பழுதுபட்டதாலோ புதிய ஆள் வந்ததாலோ புறத்திருந்து புகுபவை. இவ்விரண்டையும் பிரித்தறியவே அந்த வரைபடம். முதல்வகைக் குறையைத் தொழிலாளியை ஏசித் தீர்க்க முடியாது. முறையை வகுத்தவரே அதை மாற்றியாக வேண்டும்.

இக்கருத்தைக் கைக்கொண்ட எட்வர்ட்ஸ் டெமிங், 1950 யூலையிலே, போரில் நொந்து கிடந்த யப்பானுக்குச் சென்று, தோக்கியோவில் பொறியியலாளர்களுக்கு எட்டு நாள் வகுப்பு நடத்தினார். அதோடு அமையாது, பெரிய நிறுவனங்களின் தலைவர்களையும் கூட்டிப் பேசினார். தலைவர்கள் கல்லாதிருக்கத் தொழிலாளர் மட்டும் கற்றுப் பயனில்லை என்பது அவர் கொள்கை. அவ்விரிவுரை நூலின் உரிமைப் பணத்தை அவர் வேண்டாமென்று விட்டுக்கொடுக்க, அதைக்கொண்டு 1951இல் 'டெமிங் பரிசு' நிறுவப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரிலேதான் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் நம் நாட்டின் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா, யப்பானிடம் போர் நட்டஈடு கோரோம் என்று அறிவித்தார். வெறுப்பை வெறுப்பால் தணிக்க இயலாதென்ற புத்தர் வாக்கை அன்று அவர் எடுத்துரைத்ததை நம் பெரியோர் நன்கறிவர். 1962 முதல் இஷிகாவா முதலியோரின் முயற்சியால் யப்பானியத் தொழிலாளரே சிறு குழுக்களாகக் கூடித் தம் வேலையின் குறைகளை ஆராய்ந்து திருத்தும் வழக்கமும் பரவலாயிற்று.

நிற்க. இது யப்பானியருக்கே கைவந்த கலை, நமக்கு ஒவ்வாது என்பார் உளர். அவர்கள் சென்னைக்கு அருகே பாடி என்னும் ஊரை நினைத்துப் பார்க்கலாம்.

திருநெல்வேலிச் சீமைத் திருக்குறுங்குடியிற் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார், 1912இல் மதுரைப் பகுதியிலே பஸ் ஓட்டத் தொடங்கியவர். சாலையிற் சிதறிக்கிடந்த லாட ஆணிகள் சக்கரத்தைக் குத்தாதிருக்க, காந்தம் பூட்டிய வண்டியொன்றை ஓடவிட்டு அவற்றைப் பொறுக்கச் செய்தார் என்பர். ஆணி குத்தியதென்று சாரதியை வையாது ஆணியையே அகற்றியவர் அவர்! அவர் குடும்பத்தினர் 1962இல் பாடியில் நிறுவிய சுந்தரம்-கிளேட்டன் ஆலை, லொறிகளுக்கும் பஸ்களுக்கும் வேண்டிய காற்றுத் தடுப்புகளைச் செய்தது. பேரன் வேணு சீனிவாசன் தலைமையில், யப்பானியப் பேராசிரியர்களை ஆசிரியராகக் கொண்டு, பல ஆண்டு உழைத்து, 1998இல் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவிலே அதைப் பெற்ற முதல் நிறுவனம் அதுவே. 2002இல் அக்குழுமத்தின் மோட்டார் சைக்கிள் ஆலைக்கும் அப்பரிசு கிட்டியது.

பரிசு என்றதும் எனக்கு ஓர் அச்சமும் உண்டு. சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, அதன் கீழேயே பழைய குப்பையைக் குவித்து வைத்திருக்கும் நிறுவனங்கள் எத்தனையோ!

ஆலை இலாபம் தேடுவது. அதற்கு இது இயலும், அரசாங்க வைத்தியசாலைக்கு இயலுமோ என்று கேட்கலாம். கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை அதற்கு விடை. 2000ஆம் ஆண்டளவில் அங்கே பணிப்பாளராயிருந்த வைத்தியர் விமல் கரந்தகொட, யப்பானிய ஆலைகளின் 'ஐந்து எஸ்' முறையைக் கொண்டுவந்தார். வேண்டாததை விலக்கல், வேண்டியதை உரிய இடத்தில் வைத்தல், துப்புரவாக்கல், அதையே நிலையான ஒழுங்காக்கல், பழக்கமாக்கல் என்பன அவ்வைந்து. கேட்பதற்கு நம் பாட்டிமாரின் அடுக்களை ஒழுங்குதான்! ஆனால் நள்ளிரவில் உதிரம் பெருகும் தாய்க்கு வேண்டிய மருந்து, தேடாமற் கைக்கு எட்டுவதும் எட்டாததும் உயிர்க் காரியமன்றோ? வைத்தியர், தாதியர், சிற்றூழியர் யாவரும் ஒரே குழுவில் அமர்ந்து தத்தம் பகுதியின் குறைகளைப் பேசலாயினர். துடைப்பம் பிடிப்பவரின் சொல்லும் அங்கே ஏறியது. புதுக் கட்டடத்தை எதிர்பார்த்திராமல், இருந்த கட்டடத்தில், இருந்த ஆட்களோடு தொடங்கிய காரியம் அது.

யப்பானிய உதவி நிறுவனமாகிய ஜைக்கா 2007இல் ஆபிரிக்க வைத்தியசாலைகளைச் சீர்செய்ய ஒரு திட்டம் வகுத்தபோது, மாதிரியாகக் கொண்டது இலங்கையின் இந்த வைத்தியசாலை அனுபவத்தையே. தன்சானியா, கென்யா, உகண்டா, செனகல் முதலிய எட்டு நாடுகள் முதலிலும், பின்னர் வேறு ஏழு நாடுகளும் அதிற் சேர்ந்தன. யப்பானிற் பிறந்த முறையைக் கற்க அவற்றின் வைத்தியர்கள் வந்திறங்கியது கொழும்பிலே.

கொழும்பிலிருந்து மாத்தளைத் தராசடிக்கு நூறு மைல்கூட இல்லை.