கசிவு மின்துண்டிப்பான்

வீட்டுக்குள் போன மின்னோட்டம் முழுதாகத் திரும்பி வராமல் இடையில் எங்கேனும் கசிந்தால், அதை உணர்ந்து நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கும் கருவி. கடைகளிலும் வயர்மேன்களிடமும் இதற்கு ஆர்.சி.சி.பி. என்று பெயர். பழைய வழக்கில் இ.எல்.சி.பி. என்றும், மின்வாரிய அறிவிப்புகளில் ஆர்.சி.டி. என்றும், இலங்கையில் ட்ரிப் சுவிட்ச் என்றும் வழங்கும். மெயின் பெட்டியில் எம்.சி.பி. வரிசைக்கு முன்னால், சிறு சோதனைப் பொத்தானுடன் இருப்பது இதுவே.

ஃபியூஸ் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது, எர்த் குழியும் தோண்டியாயிற்று, இது வேறு எதற்கு என்று வீடு கட்டுவோர் பலரும் கேட்கிறார்கள். ஃபியூஸும் எம்.சி.பி.யும் வயரைக் காப்பவை. வயர் தாங்கும் அளவுக்கு மேல் மின்னோட்டம் பாய்ந்து, சூடேறித் தீப்பிடிக்காமல் தடுப்பதே அவற்றின் வேலை. மனிதரைக் கொல்லும் மின்னோட்டம் அவற்றின் கணக்கிலேயே வராது. ஈரக் கையும் வெறுங்காலுமாக 230 வோல்ட்டைத் தொடுபவரின் உடல் ஏறத்தாழ 1,000 ஓம் தடை தருவதாகக் கொண்டால், பாய்வது 230 மில்லிஆம்பியர். பழைய மின்விசிறி ஒன்று இழுக்கும் அளவுகூட இல்லை. 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. உடலின் நிலை வேறு. 10 மில்லிஆம்பியரைத் தாண்டும்போதே கைத்தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30ஐத் தாண்டி நீடித்தால் மூச்சு தடைபடலாம். இதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து துடிக்கத் தொடங்கலாம்.

எர்த் இருந்தால் போதும் என்ற நம்பிக்கையைத்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் எர்த் என்பது வீட்டுக்காரர் தாமே போட்ட குழி. கிரைண்டரின் உள்ளே ஃபேஸ் வயர் உரசி உலோக உடலைத் தொட்டால், மின்னோட்டம் எர்த் வயர் வழியாகக் குழிக்கு இறங்கி, மண்ணைக் கடந்து, டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் வழியாக நியூட்ரலுக்குத் திரும்ப வேண்டும். வீட்டுக் குழியின் தடை 5 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் 2 ஓம் என்றால் பாய்வது 33 ஆம்பியர். வீடுகளில் பரவலாக உள்ள 16 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வரை தேவை. 33 ஆம்பியரில் அது மெல்லச் சூடேறித்தான் விழும். அதற்குப் பல நொடிகள் ஆகும். அதுவரை கிரைண்டரின் உடலில் சுமார் 165 வோல்ட் நிற்கும். கோடையில் மண் காய்ந்து குழியின் தடை 20 ஓமுக்கு ஏறினால் நிலைமை இன்னும் மோசம். பாய்வது 10 ஆம்பியர் மட்டுமே என்பதால் எம்.சி.பி. விழவே விழாது, உடலில் 209 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். எர்த் வேண்டாம் என்பது இதன் பொருளல்ல. யாரும் தொடுவதற்கு முன்பே கசிவு மண்ணுக்குள் இறங்க ஒரு வழி இருந்தால்தான் துண்டிப்பானும் முன்கூட்டியே விழும். இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன. கரியும் உப்பும் இட்டு, வெயில் காலத்தில் குழிக்குத் தண்ணீர் ஊற்றும் வழக்கம் வீண் வேலை அல்ல.

கருவியின் உள்ளமைப்பு எளிமையானது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் ஒரு வளைய வடிவ இரும்பு உள்ளகத்தின் ஊடே செல்கின்றன. போவதும் வருவதும் சமமாக உள்ளவரை அவற்றின் காந்தப் புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஃபேஸில் போனதில் ஒரு பகுதி ஈரச் சுவர் வழியாகவோ ஒருவரின் உடல் வழியாகவோ மண்ணுக்குப் போய்விட்டால், நியூட்ரலில் திரும்புவது குறையும். எஞ்சிய காந்தப் புலம் வளையத்தின் மேல் சுற்றிய மூன்றாவது கம்பிச்சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்ட, அது ஒரு ரிலேயை இயக்கி இணைப்பை விடுவிக்கும். 30 மில்லிஆம்பியர் கருவி 15க்கும் 30க்கும் இடையில் எங்கேனும் விழும்; கசிவு ஐந்து மடங்கானால் 40 மில்லிநொடிக்குள் விழ வேண்டும். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: உடலில் 30 மில்லிஆம்பியருக்கு மேல் பாயாமல் இது தடுப்பதில்லை. ஷாக் முழு வேகத்தில்தான் அடிக்கும். கருவி குறைப்பது நேரத்தை. உயிர் பிழைப்பது அந்த நேரக் குறைவால்.

எத்தனை மில்லிஆம்பியரில் கை விடுபட முடியாமல் போகிறது என்பதைத் தன்னார்வலர்களைக் கொண்டு அளந்தவர் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல். ஆண்களுக்குச் சராசரி 16, பெண்களுக்கு 10.5 என்பது அவர் கண்ட அளவு. 1961இல் அவர் உருவாக்கிய கருவியின் வழிவந்தவை இன்றும் அமெரிக்க வீடுகளில் 5 மில்லிஆம்பியர் அளவில் விழுகின்றன. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் மனித உயிர்க் காப்புக்கு 30 என்பதே வழக்கம்.

இந்திய வீடுகளில் இக்கருவிக்கு நேரும் பெரிய ஆபத்து, அதைக் கழற்றி விடுவது. மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறது என்று சொன்னதும், வந்தவர் அதைத் தாண்டி நேரடியாக வயர் கொடுத்துவிட்டுப் போகிறார். விழுவது கருவியின் கோளாறாக இருப்பது அரிது. ஓதம் ஏறிய சுவிட்ச் பெட்டி, ஓட்டை விழுந்த கீசர் காயில், தேய்ந்த போர்வெல் மோட்டார் கேபிள், எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நியூட்ரல் என்று ஒரு காரணம் எங்கோ இருக்கிறது. இன்வெர்ட்டர் வைத்த வீடுகளில் அதன் நியூட்ரலை மற்ற சர்க்யூட்டுகளின் நியூட்ரலோடு கலந்துவிடுவது மிகப் பரவலான தவறு. போவது ஒரு வழி, திரும்புவது இன்னொரு வழி என்றாகி, கசிவே இல்லாமல் கருவி விழும். இதற்குத் தீர்வு நியூட்ரல்களைப் பிரிப்பதே. மெயின் பெட்டியில் உள்ள கருவி மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டர் லைனைக் காக்காது. அந்த லைனுக்குத் தனியாக ஒன்று வேண்டும்.

ஒருவர் ரப்பர் செருப்போடு நின்று ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் தொட்டால் இக்கருவி உதவாது. போனது அப்படியே திரும்புவதால் அதற்கு எதுவும் தெரியாது. அதிகச் சுமைக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் எம்.சி.பி.தான் காவல். இரண்டு வேலையையும் ஒருங்கே செய்யும் ஆர்.சி.பி.ஓ. என்ற வகையை ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனித்தனியே போடலாம். செலவு கூடினாலும், குளியலறையில் கசிந்தால் வீடு முழுதும் இருளாது. இந்தியத் தர எண் ஐ.எஸ். 12640. ஏ.சி. வகை சாதாரண மாறுதிசைக் கசிவை மட்டுமே உணரும். இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின் போன்ற மின்னணுச் சாதனங்கள் நிறைந்த வீட்டுக்கு ஏ வகை பொருந்தும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகளில் கசிவுக் காப்புக் கருவி குறித்த விதி இடம்பெற்றுள்ளது.

சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது. அது கருவி விழுகிறதா என்று மட்டும் காட்டும். எர்த் சரியா என்று காட்டாது. அழுத்தியும் விழாத கருவியை உடனே மாற்ற வேண்டும். விழுந்த கருவி நிற்காவிட்டால், எம்.சி.பி.கள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு அதை ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எதைப் போடும்போது விழுகிறதோ அந்த சர்க்யூட்டில் கோளாறு. அதில் செருகியுள்ள சாதனங்களைக் கழற்றிவிட்டு மறுபடி பார்க்கலாம். எல்லாம் இறக்கியிருக்கும்போதே விழுந்தால் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது என்று சந்தேகிக்க வேண்டும், ஏனெனில் ஒற்றைத் துருவ எம்.சி.பி. ஃபேஸை மட்டுமே பிரிக்கும். மெயினை நிறுத்தி, நியூட்ரல் கட்டையிலிருந்து வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மெகர் என்ற காப்புத்தடை அளவி வைத்துப் பார்த்தால்தான் அது பிடிபடும். அது உரிமம் பெற்ற வயர்மேனின் வேலை.