ஆர்.சி. பந்தய ட்ரக்குகள்: போட்டியும் தேர்வும்

ஆர்.சி. பந்தய ட்ரக் என்பது வானொலி அலைகளின் மூலம் தொலைவிலிருந்து இயக்கப்படும், மண் தடங்களில் ஓடுவதற்கென வடிவமைக்கப்பட்ட சிறிய மாதிரி வண்டியாகும். ‘ரேடியோ கண்ட்ரோல்’ என்பதன் சுருக்கமே ஆர்.சி. தமிழ்நாட்டில் ‘ரிமோட் கார்’ என அழைக்கப்படும் பொம்மைகளிலிருந்து இவை ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகின்றன. பொம்மை உடைந்தால் பெரும்பாலும் தூக்கி எறியப்படும். பந்தய ட்ரக்கின் பாகங்களையோ தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம். பந்தயங்களில் மிகுதியாகப் பயன்படுபவை உண்மையான வண்டியின் பத்தில் ஒரு பங்கு (1/10) அளவிலானவை.

இவ்வண்டிகளின் வரலாறு பெருமளவு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்தது. போட்டி நிறுவனங்களின் வண்டிகளில் எதை வாங்குவது என்ற கேள்வி அவ்வரலாறு முழுவதும் தொடர்ந்து வந்துள்ளது. பந்தயத்தில் வென்ற வண்டியும், புதியவர்களை இத்துறைக்குக் கொண்டுவந்த வண்டியும் பலமுறை வெவ்வேறாகவே இருந்தன.

மண்ணில் இறங்கிய கார்கள்

ஜப்பானின் தமியா நிறுவனம் தனது முதல் ஆர்.சி. காரான போர்ஷே 934-ஐ 1976-இல் வெளியிட்டது. அது சமதளத்தில் மட்டுமே ஓடக்கூடியது. 1979-இல் அந்நிறுவனம் வெளியிட்ட ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர் ஆகிய இரண்டும் பாலைவனப் பந்தய வண்டிகளைப் பின்பற்றியவை. தூசியும் நீரும் புகாதபடி இவற்றின் மின்னணுப் பகுதிகள் மூடிய பெட்டிக்குள் வைக்கப்பட்டன.

1984-ஆம் ஆண்டு இரு வேறு பாதைகளைத் திறந்தது. தமியா வெளியிட்ட கிராஸ்ஹாப்பர், ஹார்னெட் வண்டிகள் பிளாஸ்டிக் உடற்சட்டம் கொண்டவை, விலை குறைந்தவை, சிறுவர்களும் பூட்டி முடிக்கக்கூடியவை. அதே ஆண்டில் கலிபோர்னியாவின் டீம் அசோசியேட்டட் நிறுவனம் ஆர்.சி.10 என்ற வண்டியை வெளியிட்டது. அலுமினிய உடற்சட்டமும் எண்ணெய் நிரப்பிய அதிர்வுதாங்கிகளும் கொண்ட இவ்வண்டி பந்தயத்துக்காகவே உருவானது. 1985-இல் நடந்த முதல் 1/10 மண்தட உலகப் போட்டியில், இருசக்கர இயக்கப் பிரிவில் ஜே ஹால்சி இதை ஓட்டி வென்றார். கோப்பை ஆர்.சி.10-க்குக் கிடைத்தது. ஆனால் பலருக்கும் கைக்கு எட்டிய முதல் வண்டி கிராஸ்ஹாப்பரோ ஹார்னெட்டோதான்.

ட்ரக்குகளின் வருகை

உண்மையான ட்ரக் பந்தயத்தைப் பாலைவனத்திலிருந்து நகரத்துக்குக் கொண்டுவந்தவர் மிக்கி தாம்சன். 1979-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கொலீசியம் விளையாட்டரங்கில் மண்ணைக் கொட்டித் தடம் அமைத்துப் பந்தயம் நடத்தினார். பார்வையாளர்கள் ஒரே இடத்தில் அமர்ந்து முழுப் பந்தயத்தையும் காண முடிந்தது. இப்பந்தயங்களில் ஓடிய பிக்கப் வண்டிகளே பின்னர் ‘ஸ்டேடியம் ட்ரக்’ என்ற ஆர்.சி. வகைக்கு முன்மாதிரியாயின.

ஆர்.சி. சந்தையில் முதலில் பரவியவை பெரிய சக்கர ட்ரக்குகள். தமியாவின் பிளாக்ஃபுட் 1986-இலும், இரு மோட்டார்களும் நான்கு சக்கரத் திருப்பமும் கொண்ட கிளாட் பஸ்டர் 1987-இலும் வெளிவந்தன. இவை மேடு பள்ளங்களை எளிதில் கடந்தன. ஆனால் எடைமையம் உயரத்தில் இருந்ததால் வேகமான திருப்பங்களில் கவிழ்ந்தன.

இக்குறையைப் போக்கப் பந்தய நிறுவனங்கள் தங்கள் பக்கி வண்டிகளையே அகலப்படுத்தி, பெரிய டயர்களைப் பொருத்தின. 1985 உலகப் போட்டியின் நான்குசக்கர இயக்கப் பிரிவில் யோகோமோ வண்டியை ஓட்டி வென்றவர் கில் லோசி ஜூனியர். அவரது குடும்பத்தின் டீம் லோசி நிறுவனம் 1988-இல் ஜே.ஆர்.எக்ஸ்.2 என்ற பக்கியை வெளியிட்டது. அதன் வழியில் ஜே.ஆர்.எக்ஸ்.-டி ட்ரக் உருவானது. டீம் அசோசியேட்டட் தனது ஆர்.சி.10-இலிருந்து ஆர்.சி.10டி-யை உருவாக்கியது. 1990-களில் ஸ்டேடியம் ட்ரக் வாங்க விரும்பியோர் முன்னிருந்த முக்கியமான தேர்வு இவ்விரு நிறுவனங்களுக்கு இடையிலானதே.

இரண்டும் பந்தயத்தில் வெல்லத் தக்கவை. ஆகவே உள்ளூர்த் தடத்தில் பெரும்பாலோர் எதை ஓட்டுகிறார்கள், அருகிலுள்ள கடையில் எதன் உதிரிப்பாகம் கிடைக்கிறது என்பவையே பல நேரம் தேர்வை முடிவு செய்தன. பந்தய நாளில் ஒரு சஸ்பென்ஷன் கை உடைந்தால், அதே வண்டியை ஓட்டும் மற்றொருவரிடம் கடன் வாங்கியாவது அடுத்த சுற்றில் இறங்கலாம்.

ஸ்லாஷும் எஸ்.சி.10-உம்

2008-இல் டெக்சாஸின் ட்ராக்சஸ் நிறுவனம் ஸ்லாஷ் என்ற ட்ரக்கை வெளியிட்டது. ‘ஷார்ட் கோர்ஸ்’ எனப்படும் குறுந்தடப் பந்தய ட்ரக்குகளின் தோற்றத்தை அது அப்படியே பின்பற்றியது. பூட்டும் வேலையின்றிப் பெட்டியிலிருந்து எடுத்து ஓட்டக்கூடியதாக அது விற்கப்பட்டது. சக்கரங்களை மூடிய அகன்ற உடலும் பம்பர்களும் இருந்ததால், வண்டிகள் உரசிக்கொண்டாலும் பந்தயம் தொடர்ந்தது. புதியவர்களுக்கு இது பெரும் துணையாயிற்று.

மறு ஆண்டே, 2009-இல், டீம் அசோசியேட்டட் எஸ்.சி.10-ஐ வெளியிட்டது. பந்தய வண்டிகளின் வழியில் வந்த இது தாழ்வான எடைமையமும் நுணுக்கமாகச் சரிசெய்யக்கூடிய சஸ்பென்ஷனும் கொண்டது. தடத்தில் நேரத்தைக் குறைக்க விரும்பியவர்கள் இதை நாடினர். கல்லிலும் புல்லிலும் மோதி விளையாட விரும்பியவர்கள் ஸ்லாஷை நாடினர். ஆக, 1984-இல் ஹார்னெட்டுக்கும் ஆர்.சி.10-க்கும் இடையே இருந்த பிரிவு கால் நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் தோன்றியது.

இவ்வகை ட்ரக்குகளுக்குப் பொதுவான ஒரு குறையும் உண்டு. தாவும்போது அகன்ற உடலுக்குள் காற்று நிரம்பி, வண்டியைப் பாராசூட் போலத் தூக்கிவிடும். இதனால் ஓட்டுநர்கள் உடலின் பின்பகுதியில் துளைகள் வெட்டிக் காற்றுக்கு வழிவிட்டனர்.

அலைவரிசையும் மின்கலமும்

தொடக்கக் காலத்தில் 27 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகள் பயன்பட்டன. ஒரே படிகத்தை இருவர் பொருத்தியிருந்தால் ஒருவரின் கட்டளை மற்றவரின் வண்டியைத் திருப்பிவிடும். எனவே பந்தயத்துக்கு முன் அலைவரிசைகளைப் பங்கிட வேண்டியிருந்தது. 2000-களின் நடுப்பகுதிக்குப் பின் பரவிய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் இச்சிக்கலை நீக்கின.

நிக்கல்-காட்மியம் மின்கலங்களின் இடத்தை நிக்கல்-உலோக ஹைட்ரைடும், பின்னர் லித்தியம்-பாலிமரும் பிடித்தன. லித்தியம்-பாலிமர் கலத்தின் மின்னழுத்தம் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது கெட்டுவிடும். பழைய வண்டி வாங்குவோர், அதன் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அந்நிலையில் தானாக நிற்குமா என்று பார்ப்பது அவசியம்.

இந்தியாவிலும் திருப்பத்தூரிலும்

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் குறைந்த திறன் கருவிகளைப் பயன்படுத்த உரிமம் தேவையில்லை என்ற விதி 2005-இல் வந்தது. வானொலித் தடை நீங்கினாலும் விலைத்தடை உயர்ந்தது. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023-இல் 70 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்குத் தர முத்திரையும் கட்டாயமாயிற்று. ஆகவே வெளிநாட்டு வண்டியை வாங்குபவருக்கு, வண்டியின் விலையோடு அதன் உதிரிப்பாகம் எங்கே, எத்தனை நாளில் கிடைக்கும் என்பதும் பெரிய கேள்வியாகிறது.

திருப்பத்தூர் போன்ற ஒரு மாவட்டத்தில் தரையும் ஒரே மாதிரியாக இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகச் செல்லும் பாலாற்றின் வறண்ட படுகையில் தளர்ந்த மணல். ஏலகிரி மலையடிவாரத்தில் கல்லும் மண்ணும். பள்ளி மைதானங்களில் இறுகிய தரை. தாழ்வான எஸ்.சி.10 வகை வண்டிக்கு இறுகிய தரை ஏற்றது. கல்தரைக்கு உயரமும் உறுதியும் வேண்டும். மணலில் மோட்டார் விரைவில் சூடேறும் என்பதால் சிறிய பினியன் கியர் தேவை. நுண்மணல் பேரிங்குகளை அரிப்பதால் அடிக்கடி துப்புரவும் தேவை. காலணித் தொழிலை அறிந்த இப்பகுதியினருக்கு இது புதிய செய்தியன்று. நடக்கும் தரைக்கேற்பக் காலணியின் அடிப்பகுதி மாறுவது போலவே, ஓடும் தரைக்கேற்ப ட்ரக்கின் டயரும் மாறுகிறது.

இன்று வாங்குவோருக்கு இவ்வரலாறு மூன்று கேள்விகளைத் தருகிறது: வண்டி எந்தத் தரையில் ஓடும்? அதை உடன் ஓட்டுவோர் யார்? உடைந்த பாகம் எங்கே கிடைக்கும்? உலகக் கோப்பை வென்ற வண்டியாயினும், ஒரு சிறு பாகத்துக்காக மாதக்கணக்கில் அலமாரியில் காத்திருந்தால் அதனால் பயனில்லை. இம்மூன்றுக்கும் விடை தெரிந்தபின் எந்த நிறுவனத்தின் வண்டி என்பதை முடிவு செய்வது எளிது.