வீட்டு ஓசையும் தாய்மேல் விழுந்த பழியும்



தகரக் கூரையில் பெருமழை இறங்கும்போது நாம் பேச்சைச் சற்று நிறுத்துவோம். அதே ஓசைக்கு ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் ஒளிந்தால், "தாய் வளர்த்த விதம் சரியில்லை" என்று அக்கம்பக்கம் சொல்லிவிடும். இந்தப் பேச்சு நம் லயத்தில் மட்டும் எழுந்ததன்று. அமெரிக்காவில் மெத்தப் படித்தவர்களே ஒரு காலத்தில் இப்படித்தான் எழுதினார்கள்.

1943ஆம் ஆண்டு, பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர், 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசம் என்று இன்று நாம் சொல்லும் நிலையை மருத்துவ உலகம் அறிந்துகொள்ள வழிசெய்த கட்டுரை அது. தூசி உறிஞ்சும் இயந்திரம், மின்தூக்கி, ஓடும் தண்ணீர், கேஸ் அடுப்பு, முட்டை அடிக்கும் கருவி, ஏன், வீசும் காற்றுகூடச் சில வேளைகளில் அப்பிள்ளைகளை நடுங்க வைத்ததாக அதில் எழுதியிருக்கிறார். பாருங்கள், பெரும்பாலும் வீட்டுக்குள் இருப்பவைதாமே!

ஆனால் அந்தப் பகுதியை அன்று பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. இது பிறவியிலேயே வருவது என்று கானர் முடித்திருந்தார். எனினும், இப்பெற்றோரில் கனிந்த மனமுடையோர் மிகச் சிலரே என்றும் ஒரு வார்த்தை சேர்த்துவிட்டார். பின்வந்தோர் அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டனர். சிக்காகோவில் புருனோ பெட்டல்ஹைம் 1967இல் பெற்றோரைக் குறைகூறிப் புத்தகமே போட்டார். பிள்ளையையும் பார்த்துக்கொண்டு, பழியையும் சுமந்த தாய்மார் எத்தனை பேரோ!

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1964இல், இது உடலைச் சார்ந்தது, வளர்ப்பால் வருவதன்று என்று பெர்னார்ட் ரிம்லண்ட் நூல் எழுதி வாதாடியிருந்தார். அவர் உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையுங்கூட.

ஆட்டிசம் உள்ளவர்களே பேசத் தொடங்கியபின் விஷயம் தெளிவாயிற்று. 1947இல் பிறந்த டெம்பிள் கிராண்டின் அம்மையார் பிற்காலத்தில் கால்நடை அறிவியல் பேராசிரியரானவர். சிறுவயதில் பள்ளி மணியோசை, பல் மருத்துவரின் துளைக்கும் கருவி நரம்பில் பட்டதுபோல் வலித்தது என்கிறார் அவர். நமக்கு வெறும் ஓசை. அவருக்கு அது வலி.

வெளிச்சமும் அப்படியே. பழைய சோக் வைத்த குழல் விளக்கு, நம் நாட்டு மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கும். நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஆட்டிசம் உள்ள சிலர், அந்தத் துடிப்பு தங்களை வாட்டுகிறது என்கிறார்கள்.

ஓசை, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வதை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல்தான் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகத் தன் கையேட்டில் சேர்த்தது. கானர் எழுதி 70 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கெல்லாம் வெகுமுன்பே, நாற்காலிக் காலில் பழந்துணி சுற்றியும், சன்னலுக்குச் சேலைத் திரை போட்டும், ரேடியோவைத் தணித்தும் பிள்ளையை அமைதிப்படுத்தக் கற்றுக்கொண்ட தாய்மார் இருந்திருப்பார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.